கற்பூரம் காட்டுமுன் எடுக்காத வில்

முன்பின் தெரியாதவர்களின் பேச்சை எழுதலாமா என்று சில வருஷம் தயங்கினேன். அம்பாள் துணையோடு இப்போது எழுதுகிறேன்.

சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் விடியற்காலை. மலேசியாவில் குளுவாங் ரயில் நிலையத்தில் ஓர் அக்காவும் தம்பியும் நின்றார்கள். நடுவில் ஆளைவிட உயரமாக, பெரிய வயலின் போன்ற, வில்லால் இழுத்து வாசிக்கும் டபுள் பேஸ்.

“வில்லு சாமிகிட்டயே இருக்குலா,” என்றாள் அக்கா.

“அலமாக்!” என்று பதறினான் தம்பி. “ஆர்கெஸ்ட்ராவுக்கு ஆள் எடுக்கிற அன்னிக்கா? எதுக்கு அங்க வச்ச?”

“இவ்வளவு பெரிசு சாமி மேடையில அடங்குமா? அதான் வில்ல மட்டும் பூஜையில வச்சேன். அம்மா இன்னும் கற்பூரம் காட்டல. அதுக்கு முன்ன எடுக்க மனசு வரல.”

“அங்க இரவல் வாங்கிக்க.”

“கைக்குப் பழகாதுடா. விரலாலயே வாசிக்கிறேன்.”

“வில்லு இல்லாம வந்தா சேப்பாங்களா?”

“சேக்கலன்னா அடுத்த வருஷம் போறேன்.”

உறையைக் கழற்றினாள். கூன் போடாமல் நிமிர்ந்து நின்று, வாத்தியத்தை இடுப்போரம் சாய்த்துக்கொண்டு, விரலால் கம்பியைச் சுண்டினாள். நான் உட்கார்ந்திருந்த பெஞ்சுப் பலகையே அதிர்ந்தது.

“சத்தத்துல, வில்லுல இழுக்கிற நீளம் வரலடா.”

“நீளம் இல்லதான். ஆனா நெஞ்சுல வந்து விழுது. இன்னொரு தடவ வாசிக்கா,” என்றான்.

ரயில் வரும்வரை வாசித்தாள். அவளைச் சேர்த்தார்களா, எனக்குத் தெரியாது. இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். சேர்த்துக்கொண்டார்கள் என்று மட்டும் நீங்களாகக் கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.