கரிச்சானும் அரிசிக் கடையும்

1943-ஆம் ஆண்டின் என் குறிப்பொன்று, "காஜா பெராங், அரிசி வரிசை, பொய் சொல்லும் குருவி" என்கிறது. ஜப்பானியர் ஆட்சியில் இருந்த காஜா பெராங் பகுதியின் கடையில் அரிசி தீர்ந்துவிடும் என்று எல்லோரும் பயந்த காலை அது. எனக்கு முன்னால், காட்டில் மரம் வெட்டும் மணியமும் அவர் பக்கத்து வீட்டு லெட்சுமியும் நின்றார்கள்.

"காட்டுல கரிச்சான் கத்துனா வல்லூறு வருதுன்னு அர்த்தம், லெட்சுமி. மத்த குருவிங்க புழுவைப் போட்டுட்டு ஒளிஞ்சிக்கும். சில நேரம் வல்லூறே இருக்காது. கரிச்சான் அந்தப் புழுவைத் தின்னுட்டுப் போயிடும்."

"ஏமாந்ததுங்க மறுபடியும் ஓடுமாண்ணே?"

"ஓடும்லா. மூளை இல்லாத ஜென்மம்."

லெட்சுமி வரிசையின் நீளத்தைப் பார்த்தார். "ஐயோ, கெம்பெய்தாய் வருது!" என்று கத்தினார். ஜப்பானிய ராணுவப் போலீஸ் என்றதும் வரிசை சிதறியது. முதலில் ஓடியவர் மணியம்.

அவர் திரும்பி வந்தபோது, லெட்சுமி வெறும் பையோடு வரிசையின் முதல் ஆளாக நின்றார். கடைக்காரரும் கடையைப் பூட்டிவிட்டு ஓடியிருந்தார்.

"கதை சொன்ன என்கிட்டயே கரிச்சான் வேலையா?"

"தெரிஞ்சும் ஏண்ணே ஓடுனீங்க?"

"நெசமாவே வந்திருந்தா?"

"அப்ப ஓடுற குருவிக்கு மூளை இருக்குண்ணே."

நான் கிளம்பிய பிறகு கடைக்காரர் அன்று திரும்பி வந்தாரா என்பதை என்னால் இதுவரை உறுதிப்படுத்த முடியவில்லை.