மனோரமாவுக்குத் தெலுங்கு வந்த கதை

இல்ல டீச்சரம்மா, டியூசன்லாம் ஒண்ணும் கெடையாது. எங்க மனோரமாவுக்கு வூட்ல யாரு தெலுங்கு சொல்லிக் குடுக்கப் போறாங்க? அவங்க நைனா தமிழ்லயே கையெழுத்துப் போட முக்குவாரு. உக்காருங்க, பாப்பா தண்ணிக்குப் போயிருக்கா, வந்துடுவா. வேர்க்கடலை துன்னுங்க, நம்ம கொல்லைல வெளைஞ்சதுதான்.

நீங்க இப்பதான மாத்தலாயி வந்திருக்கீங்க, அதான் தெரியல. போன வருசம் எல்லையப் பிரிச்சாங்களா, திருத்தணி மெட்ராஸ் பக்கம் போச்சு, நம்ம ஊரு ஆந்திராவுலயே நின்னுக்கிச்சு. தமிழ் சொல்லிக் குடுத்துக்கினு இருந்த வேதாச்சலம் வாத்தியாரும் திருத்தணிக்கே பூட்டாரு. தமிழ் கிளாஸ மூடிட்டாங்க. இவ தெலுங்குப் பசங்களோட போய் உக்காந்தா. வாசிக்கச் சொன்னா வாய் கொழறுது, பசங்க சிரிக்கறாங்க. பைய மூலைல வீசிட்டு, இனிமே போவ மாட்டேன்னு ஒரே அழுகை. அவங்க நைனாவும், வுடு, நெலத்து வேலைக்காவது ஆவட்டும்னுட்டாரு.

எனக்கு மனசு ஆறல. ஆனா அவள திட்டல, அடிக்கல. அடுப்பாண்ட குந்திக்கினு அவ புஸ்தகத்தப் பிரிச்சேன். பாப்பா, இது இன்னா எழுத்து, முறுக்காட்டம் சுத்திக்கினு இருக்குதேன்னு கேட்டேன். மூஞ்சியத் திருப்பிக்கினா. சரின்னு நானே வாய்க்கு வந்தத சொன்னேன். அவளுக்குப் பொறுக்கல. அய்ய, அது அப்படி இல்லம்மான்னு புஸ்தகத்தப் புடுங்கிக்கினா.

அவ்ளோதான். அன்னிலேர்ந்து அவ வாத்தியாரு, நான் ஒண்ணாங் கிளாசு பொண்ணு. எனக்குச் சொல்லிக் குடுக்கணும்னா அவ தெரிஞ்சிக்கினு வரணும்ல? அதுக்கோசரமே மறுபடி பள்ளிக்கூடம் போனா. தப்பா சொன்னா எனக்குக் குட்டு வெக்கறா டீச்சரம்மா, நெசமாதான். அவ வாசிக்கற நேரத்துல நாங்க ஒரு வேலையும் ஏவறதில்ல. அவங்க நைனா கூட மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்து, அப்புறம் இன்னா ஆச்சுன்னு கேட்டுக்கினு பக்கத்துல குந்திக்கிறாரு.

இப்ப நீங்க குடுத்தனுப்பினீங்களே ஒரு தெலுங்குக் கதை புஸ்தகம், ராசா கெணத்துல வுழுந்துடறாரே, அத நேத்து அவரு வுழுந்த எடத்துலயே நிறுத்திட்டா. மீதி நாளைக்குன்னுட்டா. கெஞ்சிப் பாத்தேன், மசியல. ஆனா நல்ல கதைங்க. ஏத்தம் எறைக்கறவன் அவரு ராசான்னே தெரியாம, கண்ணு தெரியலயாடான்னு திட்டிக்கினே தூக்கி வுடறான். ராசாவும் நான் யாருன்னு சொல்லிக்காம, அவங்கூட நின்னு ஏத்தம் எறைச்சிக் குடுத்துட்டுப் போறாரு பாருங்க, சிரிச்சி சிரிச்சி வயிறு நொந்துபோச்சு.

ஏன் டீச்சரம்மா அப்படிப் பாக்குறீங்க?

ஆமா. காலைல அவ பள்ளிக்கூடம் போனதும் நானே படிச்சிட்டேன். ஆச தாங்கல. நான் பொறந்தது நாயுடுபேட்டை. அங்க அஞ்சாவது வரைக்கும் தெலுங்குலதான் படிச்சேன். இங்க வாழ்க்கப்பட்டு வந்தப்புறம் யாரும் கேக்கல, நானும் சொல்லல.

கொடம் வெக்கிற சத்தம் கேக்குது, மெதுவா பேசுங்க. மீதிக் கதைய இப்ப வாசிப்பா. நான் வாயப் பொளந்துக்கினு கேக்கணும்.