நீந்தச் சொன்னபோது அசைந்த தலை

கால் மணி நேரம் தலையை ஆட்டாமல் படுத்திருப்பது யாருக்கும் எளிதல்ல. மூக்கு அரிக்கும், எச்சில் விழுங்கத் தோன்றும். அதனால் ஸ்கேனுக்கு வருகிறவர்களை நான் கடிந்துகொண்டதே இல்லை.

செகெத் நகரத்து மருத்துவமனை ஒன்றில் மூளைப் படங்களைப் பிழையில்லாமல் எடுப்பது என் வேலை. மூக்குக்கு மேலேயும் காதோரமும் உள்ள காற்றறைகளால் சிக்னல் செத்து, படத்தில் ஓட்டை விழும். மெல்லிய துண்டுகளாகப் படமெடுத்து அந்த ஓட்டைகளை அடைக்கப் பல வருடம் மாரடித்தேன். அடைத்தும் காட்டினேன். மிச்சமிருந்த எதிரி தலையசைவு ஒன்றுதான்.

போரோகா என்ற பெண் ஒரு விபத்துக்குப் பிறகு எதற்கும் பதிலில்லாமல், கண் திறந்தபடியே கிடந்தாள். உள்ளே நினைவு இருக்கிறதா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஹெட்போனில் "நீந்துவதாக நினை" என்பேன். பிறகு "ஓய்வெடு" என்பேன். நினைவிருந்தால் படத்தில் மூளையின் உரிய இடம் ஒளிரும். ஒளிர்ந்தது. ஆனால் நீந்தச் சொன்னபோதெல்லாம் தலையும் மயிரிழை அசைந்தது. கண்ணுக்குத் தெரியாத அசைவு, கருவிக்குத்தான் தெரியும். கட்டளையோடு சேர்ந்து வரும் அசைவு பொய் ஒளியைக் காட்டும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். படம் கெட்டது என்று ஒதுக்கினேன்.

அவள் தாய் இல்கா வெளியே காத்திருந்தாள். கசகசா ரொட்டியை என் கையில் திணித்தாள்.

"டாக்டர் தம்பி, அவளுக்குக் காது கேக்குது. பெத்தவளுக்குத் தெரியாதா?"

"இன்னொரு தடவ எடுத்துப் பாத்துடலாம்மா."

அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். சொன்னதும் அசைந்து, ஓய்வெடு என்றதும் நிற்கிற தலை, பதில் சொல்கிற தலை. அது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் அந்த வாரம் பேச் நகரத்து மாநாட்டில் கறையில்லாத படம் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். நான் என்ன செய்ய முடியும்?

மறுமுறை தொடங்குமுன், எல்லாரிடமும் சொல்வதுபோல அவளிடமும் சொன்னேன்: "போரோகா, என்ன ஆனாலும் தலைய ஆட்டக் கூடாதும்மா."

தலை அசையவில்லை. நீந்தினால் அசையும் என்று பயந்தாளோ என்னவோ, நீந்தவும் இல்லை. ஒளியில்லாத, மாசு மருவற்ற படம் கிடைத்தது. நினைவில்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

அவளுக்கு நிமோனியா வந்தபோது, அந்தப் படத்தைப் பார்த்துத்தான் மருந்து வேண்டாம் என்று டாக்டர்கள் முடிவு செய்தார்கள். நானும் அறையில் இருந்தேன். போரோகா இறந்த அன்று இல்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது.

போரோகாவை நான் குறை சொல்லவே மாட்டேன். அவளைப்போலச் சொன்ன பேச்சைக் கேட்ட நோயாளியை நான் பார்த்ததில்லை.