நிக்கோலஸின் மணிக்கட்டில் இருந்தது

ரப்பர் வாரை வைத்து ஒரு கைக்கடிகாரத்தை எடைபோடக் கூடாது, சார். வார் போனால் வேறு வார். பார்க்க வேண்டியது கண்ணாடியைச் சுற்றியிருக்கும் வளையத்தை.

உங்கள் மேசையில் இருக்கும் இரண்டும் சீக்கோ. இரண்டும் கடலுக்குள் முங்குகிறவர்களுக்காகச் செய்தவை. இடதுபக்கம் இருப்பது மூத்தது. பெருங்கடவிளையில் ஒரு கல்ஃப்காரரிடம் வாங்கினேன். ஓரம் வழவழவென்று கூழாங்கல் போல இருக்கும். மழைத்தண்ணீர்கூடப் பட்டதில்லை. சேகரிப்பவர்கள் இதற்குத்தான் போட்டி போடுவார்கள். வலதுபக்கம் இருப்பது பிந்தியது. தடிமன், கண்ணாடியில் கீறல். ஆனால் கிழமை அரபியில் விழும். வளைகுடாக் கடைகளுக்கென்று அனுப்பியது. ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் வலதுபக்கத்தை எடுப்பேன். மூத்தது அலமாரியில் வாழ்ந்தது. இது வேலை செய்தது.

எனக்கு நெய்யாற்றின்கரையில் போட்டோ ஸ்டுடியோ. கடிகாரம் சேகரிப்பது பொழுதுபோக்கு. திறந்து துடைத்து எண்ணெய் போடுகிற அளவுக்கு நானே படித்துக்கொண்டேன். தொண்ணூற்றொன்றில் கோட்டுகாலிலிருந்து நிக்கோலஸ் குடும்பப் படம் எடுக்க வந்தான். பஹ்ரைனில் கப்பல்களுக்கு அடியில் வேலை பார்த்தவன். ஊர் திரும்பிய பிறகு விழிஞ்ஞத்தில் முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கி, படகின் விசிறியில் சுற்றிய வலையை அறுப்பான். மாட்டிக்கொண்ட நங்கூரத்தை எடுப்பான். விளக்கைச் சரிசெய்யும்போது அவன் மணிக்கட்டில் இந்த வலதுபக்கத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். விலை கேட்டேன்.

"வெலை கேக்காதியும் ராஜப்பண்ணா. சிலிண்டருக்க மீட்டர் செத்துக் கெடக்கு. இப்ப இதாக்கும் எனக்க மீட்டர்."

"புது மீட்டர் நான் வாங்கித் தாறேன்."

"அதும் ஒருநாள் சாவும். இது சாவாது. வேணுமெங்கி மார்கிரெட்டக் கேளுங்க, யோசிச்சுப் பாக்கேன்."

பக்கத்து நாற்காலியில் இருந்த மனைவி மார்கிரெட் திரும்பவே இல்லை. "கேளுங்கண்ணா, இப்பமே வாறேன். இந்த மனுசனுக்குப் பெஞ்சாதி அந்த வாச்சாக்கும்."

சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடுதான் படம் எடுத்தேன்.

அவன் கணக்கு எளிது. இறங்கும்போது வளையத்தின் புள்ளியை நிமிட முள்ளுக்கு நேராகத் திருப்பி வைப்பான். புள்ளியை விட்டு முள் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறதோ அவ்வளவு நேரம் ஆகிவிட்டது. சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சம் என்பது அதை வைத்துத்தான்.

ஒவ்வொரு முறை அவன் இறங்கும்போதும் அந்தக் கடிகாரத்தில் ஒரு கீறல் கூடியது. பாசி, உப்பு, பாறை. சொன்னால் சிரிப்பான். ஓர் அரிய பொருள் கண்முன்னால் தேய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று சேகரிப்பவர்களுக்குத்தான் தெரியும். சுத்தம் செய்து தருகிறேன் என்று கேட்டேன். கழற்றித் தந்தான். மறுநாள் வாங்கிக் கட்டிக்கொண்டு வளையத்தைத் திருப்பிப் பார்த்தான்.

"என்னண்ணா, கிட்டுகிட்டுன்னு கேக்குமே. சத்தம் போச்சு?"

"எண்ணெ போட்டிருக்கு."

"கொள்ளாம். ரெண்டு சொட்டு மார்கிரெட்டுக்கும் குடுத்தனுப்புங்க."

அந்த வாரமே துறைமுக வாய்க்கு வெளியே ஒரு நங்கூரத்தை எடுக்க இறங்கினான். பாறை இடுக்கில் நுழைந்திருந்தபோது காற்று தீர்ந்துவிட்டது. என்னைப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். சவப்பெட்டியை வாசலில் வைத்து, குடும்பத்தார் சுற்றி நிற்க ஒரு படம் எடுப்பது அங்கே வழக்கம். அந்தப் படத்தில் முகங்கள் கொஞ்சம் மங்கல். மணிக்கட்டு மட்டும் துல்லியமாக விழுந்திருக்கிறது. என் தொழிலில் எனக்கு நேர்ந்த பிழை அது ஒன்றுதான்.

மூடுவதற்கு முன்னால் வாட்சைக் கழற்றட்டுமா என்று மார்கிரெட்டிடம் கேட்டேன்.

"வேண்டாம் அண்ணா. அவருக்க கையிலயே கெடக்கட்டும். வேற என்னத்தக் குடுத்தனுப்ப?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை.

இரவில் போய்த் தோண்டியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நான் திருடன் இல்லை, சார். அவர்கள் மாதாகோயிலின் கல்லறைத் தோட்டம் சிறியது. ஒரு குடும்பத்துக்கு ஒரு குழி. அடுத்தவர் இறந்தால் அதையே திறந்து, பழைய எலும்புகளை அஸ்திக்கிணற்றில் போட்டுவிடுவார்கள். அடுத்து நிக்கோலஸின் அம்மா. போகும்போதெல்லாம் அவர்களுக்கு ஆரஞ்சு வாங்கிப் போவேன். சந்தேகப்பட வேண்டாம், ஆரஞ்சில் ஒன்றும் இல்லை. பொறுமையாக இருந்தேன், அவ்வளவுதான். கோயில் பெருநாளுக்குப் போனேன், நினைவுநாளுக்குப் போனேன். வீட்டில் ஒருவனாகவே ஆகிவிட்டேன்.

இந்த வருஷம்தான் அந்த அம்மா இறந்தார்கள். குழி திறந்தது. குழி வெட்டியவர் கடிகாரத்தை எடுத்து மார்கிரெட்டின் கையில் கொடுத்தார். அவள் அதைச் சேலையில் துடைத்து, அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் என்னிடம் நீட்டினாள்.

"இத்தற வருசமா எங்களக் கைவிடாம வந்தியளே. நீங்களே வச்சிடுங்க அண்ணா. அவருக்கும் சந்தோசமாட்டு இருக்கும்."

நான் அதை லேசாகக் குலுக்கினேன். நொடி முள் நகர்ந்தது. அத்தனை வருஷம் ஈர மண்ணில் கிடந்தும் உள்ளே ஒரு சொட்டு நீர் இல்லை. அலமாரியில் இருந்ததிடம் இந்தச் சோதனையைக் கேட்க முடியுமா? அப்போதே முழுமையாகப் பார்க்க வேண்டும் போல இருந்தது. சட்டைப்பையில் இருந்த பிலிம் டப்பாவைத் திறந்து, கத்தி முனையால் வளையத்தை நெம்பி, டப்பாவில் இருந்த கடுகைவிடச் சிறிய எஃகுக் குண்டை வளையத்துக்கு அடியில் உள்ள குழியில் வைத்து அழுத்தினேன். திருப்பினேன். கிட்டு, கிட்டு, கிட்டு.

காப்பி கொண்டுவந்து, நான் குண்டை வைப்பதைப் பார்த்திருந்த மார்கிரெட் நின்றாள். "இந்தச் சத்தந்தான். அது போனப்பறம் ஒரு வாரங்கூட அவரு இல்ல. வேற குண்டு வாங்கிப் போட்டியளா அண்ணா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். ஆனால் ஓர் அசல் கடிகாரத்தைப் பார்த்து மாற்றுச்சாமான் போட்டது என்று ஒருவர் சொல்லும்போது எங்களால் பேசாமல் இருக்க முடியாது.

"இல்ல. இது இதுக்க சொந்தக் குண்டாக்கும்," என்றேன்.

"அப்ப அது உங்ககிட்ட எப்பிடி வந்துது?"

அவள் காப்பியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்க் கதவைத் தாழிட்டாள். உங்கள் ஆட்கள் வரும்வரை நான் வளையத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

இதை எழுதிக்கொள்ளுங்கள். சுத்தம் செய்த அன்று அந்தக் குண்டை எடுத்தவன் நான். அது இல்லையென்றால் வளையம் நிற்காது. கயிறு உரசினாலும் பாறை பட்டாலும் வழுக்கும். புள்ளி முள்ளின் பக்கமாக நகர்ந்துவிட்டால், நேரம் தீர்ந்த பிறகும் இன்னும் இருக்கிறது என்று காட்டும். அவன் இறப்பான் என்று தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். அதற்காகத்தான் எடுத்தேன். ஆனால் தூக்கிப் போடவில்லை, சார். அத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்து, அதன் இடத்திலேயே திருப்பி வைத்தேன்.

கோர்ட்டில் அந்தக் கடிகாரத்தைக் காட்டும்போது வளையத்தை ஒருமுறை திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். எவ்வளவு நேர்த்தியாகச் செய்திருக்கிறேன் என்று நிக்கோலஸ் இருந்திருந்தால் அவனே எனக்காகச் சாட்சி சொல்லியிருப்பான்.