கேட்டில் நிற்கும் சிரிப்பு

— கொஞ்சம் கொறச்சு சிரிங்க, பிலிப்பு ஸேர்.

— பல்லு தெரியச் சிரிக்கணும் டீச்சர். பதுளையில அந்தப் பயிற்சியில அப்பிடித்தான் சொல்லிக் குடுத்தாங்க. அதிபரோட முகந்தான் பாடசாலையோட வாசலாம்.

— வாசல்னா தெறந்து மூடணும். நீங்க விடிஞ்சதிலேருந்து தெறந்தே வெச்சீக்கிறீங்க. பாக்கிற எனக்குப் பல்லு கூசுது.

— எனக்கு மட்டும் சுகமாவா இருக்கு? தாடை கழண்டு கையில வந்துரும் போல. ஆனா இன்னைக்கி விட முடியாது ஜெனீரா டீச்சர். இன்னைக்கித்தான் வலயக் கல்விப் பணிப்பாளர் வாறாங்க. புது ஆளு, பொம்பள ஆளாம், நான் முகங்கூடப் பாத்ததில்ல. வந்து பதினோராம் ஆண்டுல தலைய எண்ணுவாங்க. தலை கொறஞ்சா வகுப்பத் தூக்கிக் கீழ் ஸ்கூலோட சேத்துருவாங்க.

— தெரியும் ஸேர். ஒரு மாசமா அதைத்தானே பேசுறோம்.

— கீழ் ஸ்கூலுக்கு எறங்கி ஏற எந்தப் பொம்பளப் புள்ளைய விடுவாங்க, சொல்லுங்க? வழி பூராவும் அட்டை, ஆள் நடமாட்டமில்லாத காட்டு றோட்டு. பரீட்சைக்கு முந்தியே கொழும்புல எவன் வீட்லயாவது பாத்திரம் கழுவ அனுப்பிருவாங்க. நெனச்சாத் தூக்கம் வரல. பயமா இருக்கு டீச்சர்.

— பயமா ஈக்குதுன்னு சொல்லிட்டே சிரிக்கிறீங்களே.

— பழகிருச்சு. நேத்து சாவு வீட்லயும் இப்பிடித்தான் நின்னேன். பொணத்துக்குக் கை குடுக்காதது ஒண்ணுதான் பாக்கி.

— குடுக்கப் போனீங்கன்னு றொனி ஸேர் சொன்னாரு.

— அது மாலை போடப் போனது! சரி, என்னதான் செய்யல நான்? ஆலோசனைப் பெட்டி வெச்சேன்.

— குளவி கூடு கட்டிச்சு.

— பிரம்ப ஒழிச்சேன்.

— சமைக்கிற அக்கா அடுப்பில வெச்சா. நல்லா எரிஞ்சிச்சாம். இன்னும் ஈக்குதான்னு கேட்டா.

— பிறந்தநாள் பலகை வெச்சேன்.

— மொதல் மாசம் அதுல உங்க பிறந்தநாள் மட்டுந்தான் வந்திச்சு.

— வந்துச்சு. கேக்க நானே வாங்கி, நானே வெட்டி, நானே கைதட்டினேன். ஒருத்தரும் சேந்து பாடல. அது போகட்டும். லேட்டா வர்ற புள்ளைகள முழங்கால்ல போடுறத நிப்பாட்டினேன். அதுக்குப் பதிலா இந்தக் கேட்டுலயே நின்னு ஒவ்வொருத்தருக்கும் கையக் குடுத்து, 'வாங்க வாங்க, இன்னைக்கி நல்ல நாளு'ன்னு சொல்றேன். மழையிலயும் நிக்கிறேன், பனியிலயும் நிக்கிறேன். பயிற்சியில குடுத்த இந்தத் தொப்பியப் போட்டுக்கிட்டு நிக்கிறேன்.

— தொப்பி மிச்சம் வெள்ளை, ஸேர்.

— பளிச்சுன்னு இருக்குல்ல? அதுக்குத்தான் தெனமும் நானே தொவைக்கிறேன். அந்த வளைவுல திரும்பும்போதே 'நம்ம அதிபர் நமக்காக நிக்கிறாரு'ன்னு தெரியணும். புள்ளைக மனசு குளிரணும்.

— குளிரும் ஸேர். நல்லாவே குளிரும்.

— ஆனா வரவு கொறையுதே! நான் நிக்க ஆரம்பிச்ச நாள்லேருந்து கொறையுது. மணியடிக்க முந்தி வர்றவங்க வாறாங்க. மணியடிச்ச பெறகு ஒரு குஞ்சு வர்றதில்ல. முந்தியெல்லாம் தம்பிய, கைப்புள்ளைகளப் பாத்துக்கிற புள்ளக்காம்பராவுல விட்டுட்டு, தண்ணி தூக்கி வெச்சிட்டு, ஒண்ணொண்ணா வந்து சேருங்க. அது சரி, நீங்க எப்ப வந்தீங்க?

— நானா? வந்தன். வந்துட்டன்.

— எப்பிடி? நான் இங்கேயே நட்ட மரமா நிக்கிறேன். பதுளை பஸ்ஸுல எறங்கினா இந்தப் பக்கமாத்தானே வரணும். நீங்க என் முதுகுக்குப் பின்னால வந்து பேசுறீங்க. அபாயா கரையில என்ன அது?

— ஒட்டுப்புல்லு. இந்த ஊர்ல எங்கதான் ஒட்டுப்புல்லு இல்ல?

— அங்க பாருங்க டீச்சர்! வளைவுல ஒரு தலை! ரெட்டைச் சடை! பதினோராம் ஆண்டுப் புள்ள மாதிரி... வாங்க! வாங்க மகள்! நல்ல நாளு! ... காணோம். பாத்தீங்களா? நேத்தும் இதே மாதிரித்தான். எட்டிப் பாக்குது, மறைஞ்சிருது.

— கையை அவ்வளவு பெருசா ஆட்டாதீங்க ஸேர்.

— நான் மொதல்ல என்ன நெனச்சேன் தெரியுமா? வளைவுல சிறுத்தை படுத்திருக்குன்னு நெனச்சேன். தோட்ட ஆபீஸுக்குப் போய் கத்தினேன். அவங்களும் பாவம், ஆள் அனுப்பி, நாள் முழுக்க டின்னத் தட்டி, கடைசியில ஒரு முயல் ஓடிச்சு.

— அந்த முயலுக்கும் கை குடுத்தீங்களா?

— கிட்ட வந்திருந்தாக் குடுத்திருப்பேன். இல்ல டீச்சர், பிழை எங்கிட்டத்தான். தூரம் கூடிப்போச்சு. நான் வளைவுக்கே போய் நிக்கிறேன்.

— வேணாம் ஸேர்!

— ஏன்?

— வேணாம்னா வேணாம்.

— அங்கேயே கையப் புடிச்சு, இன்னுங் கொஞ்சம் அகலமா சிரிச்சு...

— அல்லாஹ்வே, இன்னும் அகலமாவா? ஸேர், வளைவையும் நீங்க அடச்சிட்டா, பஸ்ஸால எறங்கின நாங்க எந்தப் பக்கத்தால போற?

— நாங்களா?

— ஒண்டுமில்ல ஸேர்.

— டீச்சர், நாங்கன்னா யாரு?

— நான். விஞ்ஞானம் படிப்பிக்கிற றொனி ஸேர். சின்ன வகுப்பு ரிஸ்கா டீச்சர். றோட்டு சரிஞ்சதிலேருந்து பஸ் ஒரு நாளும் நேரத்துக்கு வாறல்ல. எறங்கி ஓடி வருவோம். வளைவுல தொப்பியக் கண்டா அப்பிடியே தேயிலைக்குள்ள எறங்கி, தண்ணிப் பீலிக்கரையால சுத்தி, பின்வேலியால ஏறி வருவோம்.

— முள்ளுக்கம்பி வேலியா? நீங்களா?

— ஆசைக்கா ஏறுறன்? பென்ஷன் எடுக்கிற வயசு எனக்கு. றொனி ஸேர் மேல ஏறி நின்னு கைய நீட்டுவாரு. நான் ஆம்பளைட கையப் பிடிக்க மாட்டேனே. அதனால குடை நுனிய நீட்டுவாரு. நான் அதைப் பிடிச்சு ஏறுவன். ரிஸ்கா கீழேருந்து தள்ளுவா.

— கர்த்தரே! என் பிரதி அதிபர் குடையப் புடிச்சி வேலி பாயிறாங்க. இதுதான் நான் கட்டி எழுப்பின பாடசாலைக் கலாசாரம்.

— சும்மா சொல்லக் கூடாது ஸேர், ஆசிரியர்களுக்குள்ள ஒற்றுமை நல்லா வளந்தீக்குது.

— நான் ஏசுறேனா டீச்சர்? ஒரு நாளாவது மொகத்தச் சுளிச்சிருக்கேனா?

— அதுதானே ஸேர் கஷ்டம். முந்தி இருந்த அதிபர் ஏசுவாரு. அவரு ஏசினா நாங்களும் மனசுக்குள்ள ரெண்டு ஏசிட்டு உள்ளுக்குப் போவோம். அதோட அது முடிஞ்சிச்சு. நீங்க லேட்டா வாறவங்களப் பாத்து, எல்லாரும் பாக்க, கையப் பிடிச்சு, 'வாங்க வாங்க, நல்ல நாளு'ன்னு சிரிக்கிறீங்க. அந்தச் சிரிப்ப நாங்க எங்க கொண்டு போய் வைக்கிற?

— அப்ப புள்ளைகளும்...

— அந்த வழியே அதுகள் கண்டுபிடிச்சதுதான். பொடியன்மார் பாஞ்சிருவானுகள். சின்னதுகளுக்கும் பெரிய பொம்பளப் பிள்ளைகளுக்கும்தான் ஏலா. சீருடை கம்பியில கிழிஞ்சா வேற வாங்க வழியில்ல. அதுகள் தேயிலைக்குள்ள கொஞ்ச நேரம் குந்திப் பாக்கும். நீங்க நகர்ற மாதிரித் தெரியல்லன்னா வீட்ட போயிடும்.

— ஏன் எங்கிட்டச் சொல்லல?

— சொல்லத்தான் ஒவ்வொரு நாளும் வாரன். வந்தா நீங்க கையக் கூப்பி, 'உங்க முகத்தப் பாத்தாலே நாள் நல்லாருக்கும் டீச்சர்'னு சொல்றீங்க. பிறகு எந்த வாயால சொல்ற?

— தொப்பி... வெள்ளத் தொப்பி... ஐயோ.

— என்ன ஸேர்? இருங்க, கல்லுல குந்துங்க.

— நீங்க பதுளை டவுன் ஆளு டீச்சர். பெரட்டுக் களம் பாத்திருக்க மாட்டீங்க. விடியக்காலையில எல்லாரும் கூடி வேலைக்கிப் பேர் குடுக்கிற எடம். எங்கம்மா றோசாலி, என்னையப் புள்ளக்காம்பராவுல விட்டுட்டு அங்க ஓடும். நான் சேலையப் புடிச்சி அழுதா அதுக்கு லேட்டாகும். பேர் எழுதுற கணக்கப்புள்ள முன்னுக்கு நிப்பாரு, வெள்ளத் தொப்பியோட. அவரு ஏச மாட்டாரு டீச்சர்.

— ஏச மாட்டாரா?

— சிரிப்பாரு. 'வாங்க மகராசி, இப்பத்தான் விடிஞ்சிச்சா?'ன்னு கையெடுத்துக் கும்புடுவாரு. களமே சேந்து சிரிக்கும். அன்னைக்கி அதுக்குப் பேர் இல்ல, வேலை இல்ல. கொஞ்ச நாள் போனப் பெறகு எங்கம்மா களத்து வரைக்கும் போறதில்ல. தூரத்துல தொப்பியக் கண்டாலே திரும்பிரும். லயத்து வீட்டுல வந்து குந்திக்கிட்டு, 'இன்னைக்கி வயித்து வலி'ன்னு சொல்லும். நானும் நம்புவேன்.

— ஸேர்...

— அந்தத் தொப்பியத்தான் நான் பதுளைக்கிப் போய், பயிற்சி எடுத்து, சோத்துப் பார்சலும் தின்னுட்டு, வாங்கிட்டு வந்து தலையில கவுத்துக்கிட்டு நிக்கிறேன், பாத்துக்கங்க. தெனமும் தொவச்சி வேற போடுறேன். எங்கம்மா இப்ப உசுரோட இந்த வழியா வந்தா, என்னையக் கண்டு திரும்பிப் போயிரும். வெக்கமா இருக்கு டீச்சர்.

— இப்பவாச்சும் சிரிப்பு நின்னிச்சே.

— நின்னிருச்சா?

— நின்னிச்சு. இந்த வருஷத்துல இப்பத்தான் உங்க முகத்தப் பாக்கிறன். நல்ல முகம்தான் ஸேர்.

— இந்தாங்க, தொப்பி. இந்தத் தூண்லயே தொங்கட்டும். கேட்ட ரெண்டு பக்கமும் விரியத் தெறந்து விடுங்க. இனிமே இங்க ஒருத்தரும் நிக்க வேணாம். நான் போய் அந்தப் புள்ளைகளக் கூட்டிட்டு வாறேன்.

— றோட்டால போனா உங்களக் கண்டு ஓடிருங்கள்.

— தெரியும். அதனாலதான் உங்க வழியக் காட்டுங்கன்னு கேக்கிறேன்.

— ஸேர், காற்சட்டை புதுசு. பணிப்பாளர் வேற வரப்போறா.

— அவங்க வந்து வெறும் பெஞ்ச எண்ணுறத விட, என் காற்சட்டை கிழிஞ்சா என்ன? நடங்க.

— சரி, வாங்க. கக்கூஸுக்குப் பின்னால. தாழ நடங்க, வாழை இலை முகத்துல அடிக்கும்... இதுதான். அந்தக் கல்லுல ஒரு கால். நடுக் கம்பியில மத்தக் கால். நான் 'பிஸ்மில்லாஹ்'ன்னு சொல்லித்தான் ஏறுவன்.

— நான் 'இயேசுவே'ன்னு சொல்றேன்.

— எதையாச்சும் சொல்லுங்க, கீழ மட்டும் பாக்காதீங்க.

— இயேசுவே! ... டீச்சர், டர்ருன்னு ஒரு சத்தம் கேட்டுச்சே.

— கேட்டிச்சு.

— பெருசா?

— பணிப்பாளருக்கு முதுகக் காட்டாதீங்க. அவ்வளவுதான் நான் சொல்லுவன்.

— அந்தப் பக்கமும் போக முடியல, இந்தப் பக்கமும் வர முடியல. கம்பி நல்லாக் கவ்விருச்சு. குடைய நீட்டுங்க.

— நீட்டினா நானும் உங்களோட விழுவன். அசையாம ஈக்குங்க. ஸேர்... தேயிலைக்குள்ளால யாரோ வாராங்க.

— யாரு? எனக்குத் திரும்ப முடியல.

— பிள்ளைகள்! ரெட்டைச் சடை, அதுக்குப் பின்னால மத்ததுகள்... பதினோராம் ஆண்டுப் பொம்பளப் பிள்ளைகள் எல்லாம் வருதுகள் ஸேர்! முன்னுக்கு ஒரு பொம்பள வாரா. செருப்பைக் கையில பிடிச்சீக்கிறா, சேலையெல்லாம் சேறு.

— யாராவது புள்ளையோட அம்மாவா இருக்கும். வாங்கம்மா! இந்தக் கோலத்துல நிக்கிறேனேன்னு நெனைக்காதீங்க, நான்தான் அதிபர். நீங்க எந்தப் புள்ளையோட அம்மா?

— அம்மா இல்லைங்க. ஜெசீகா. வலயக் காரியாலயத்துலேருந்து வாறேன். புதுப் பணிப்பாளர்.

— மேடம்! மேடம், முன் கேட்டு... கேட்டு அந்தப் பக்கம் மேடம்!

— தெரியுங்க. வாகனம் சரிவுல மாட்டிக்கிருச்சு. எறங்கி நடந்தேன், சொன்ன நேரம் போயிருச்சு. வளைவுல வந்து பாத்தா, கேட்டுல வெள்ளத் தொப்பி போட்டு யாரோ நிக்கிறாங்க. என் கால் தானாத் திரும்பிருச்சு. தேயிலைக்குள்ள பாத்தா இந்தப் புள்ளைக குந்தியிருக்கு. 'நீங்களும் லேட்டா அக்கா? இப்பிடி வாங்க'ன்னு கூட்டிட்டு வந்துச்சுங்க.

— அதுல ஆளே இல்ல மேடம். தூண்ல தொப்பி மட்டுந்தான் தொங்குது.

— ஆள் இல்லையா? நான் பூனாகலை லயத்துல பொறந்தவங்க. எனக்குத் தொப்பியே போதும்.

— மேடம், இந்த வகுப்ப மூடுற விஷயம்...

— உள்ள போய் தலைய எண்ணிட்டுப் பேசுவோம். எல்லாரும் எங்கூடத்தான் இருக்காங்க.

— அப்ப இருங்க மேடம், நான் எப்பிடியாவது எறங்கி வழி விடுறேன்.

— எறங்காதீங்க அதிபர். நீங்க உக்காந்த பாரத்துல கம்பி நல்லாத் தணிஞ்சிருக்கு. புள்ளைக சீருடை கிழியாமத் தாண்டட்டும். அப்பிடியே அசையாம இருங்க, எங்களுக்கு லேட்டாகுது.