அவள் தட்டாத பக்கங்கள்

எழுதுகிற பெண்களிடம் எல்லோரும் முதலில் கேட்பது, வீட்டில் சமையல் யார் என்பதுதான். ஆண் எழுத்தாளர்களிடம் யாரும் அதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர்கள் வீட்டில் சோறு தானாகவே வெந்துவிடும் போலிருக்கிறது. நான் மட்டும் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுவேன்: என் தங்கை. நீங்கள் டீ வரவழைத்துக் கொடுத்துப் பொறுமையாகக் கேட்கிறீர்கள். அதனால் உங்களுக்கும் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

போன மாதம் நூலக அரங்கில் நாங்கள் மூன்று பெண்கள் மேடையில் உட்கார்ந்து எங்கள் எழுத்தைப் பற்றிப் பேசினோம். எழுதத் தூண்டியது எது என்று கேட்டார்கள். ஒருவர் அம்மாவின் கண்ணீர் என்றார். இன்னொருவர் தனிமை என்றார்; அவர் வீட்டில் நிற்க இடமில்லாத கூட்டம். நான் முன்வரிசையிலிருந்த தங்கையைக் காட்டி, "இவ இல்லன்னா நான் ஒரு வரி எழுதியிருக்க மாட்டேன்" என்றேன். பலமாகக் கை தட்டினார்கள். அவள் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். நான் சொன்னது சத்தியம்.

எனக்குக் கற்பனை வராது. பார்த்ததை மட்டும்தான் எழுத வரும். காலையில் எழுதியதை மதியம் சாப்பாட்டு மேசையில் அவளுக்குப் படித்துக் காட்டுவேன். அவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். தெரியாததைத் தெரிந்ததுபோல நான் எழுதியிருந்தால், ஆள்காட்டி விரல் நகத்தால் மேசையில் ஒரு தட்டு. விமர்சகர்கள் பக்கம் பக்கமாக நீட்டி முழக்குவதை அவள் ஒரு விரலில் முடித்துவிடுவாள். தட்டிய இடத்தை நான் அடித்துவிடுவேன். அவள் தட்டாத பக்கம்தான் அச்சுக்குப் போகும்.

நான் இப்போது எழுதிவந்த நாவலின் நாயகிக்கு ஆஸ்துமா. தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே அது உண்டு. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது நெய்க்கு அலைவார்களா?

முதல் தடவை தற்செயல்தான். மேசையிலிருந்த தாள்களை அள்ளிக்கொண்டு போனபோது அவளுடைய இன்ஹேலரும் சேர்ந்து என் அறைக்கு வந்துவிட்டது. நாயகி மூச்சுமுட்டி அலறுவதாக எழுதி, அன்றுதான் நகத்தடி வாங்கியிருந்தேன். கொஞ்ச நேரத்தில் தங்கை என் அறை வாசலில் வந்து நின்றாள். மூச்சுக்குத் தவிக்கிறவர்கள் அலறுவதில்லை, ரொம்ப மரியாதையாகிவிடுகிறார்கள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, ஒரு விரலால் என் மேசையைக் காட்டினாள். எடுத்துக் கொடுத்தேன். சற்றுத் தாமதித்துத்தான் கொடுத்தேன். அவள் கழுத்துக்குக் கீழே உள்ள குழி உள்வாங்கிப் புடைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அதைப் படித்தபோது நகம் அசையவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது.

"எப்படிக்கா இவ்வளவு கரெக்டா எழுதின?" என்றாள்.

எனக்குக் கிடைத்த எந்த விருதும் அவ்வளவு சந்தோஷத்தைத் தந்ததில்லை.

அதற்குப் பிறகு நடந்தவை தற்செயல் இல்லை. என் இழுப்பறையில் நீங்கள் எடுத்த இன்ஹேலர்கள் எல்லாம் அவளுடையவைதான். "ஏம்மா, இதை இழுக்கறீங்களா, திங்கறீங்களா?" என்று மருந்துக்கடைக்காரர் கேலி செய்தாராம். சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள். "வர வர எனக்கு மறதி ஜாஸ்தி ஆயிடுச்சுக்கா." நான் ஒரு நாளும் அவளைத் திட்டியதில்லை. ஒவ்வொரு தடவையும், எனக்கு வேண்டியதைப் பார்த்து முடித்ததும், நானேதான் தேடுவதுபோலத் தேடி எடுத்துக் கொடுத்தேன். முதுகைத் தடவிவிட்டு வெந்நீரும் கொடுப்பேன்.

கடைசி அத்தியாயம்தான் நகரவில்லை. நாயகி மூச்சுமுட்டிச் சாக வேண்டும். எப்படி எழுதினாலும் நகம் தட்டியது. பதிப்பாளர் தினமும் போன் செய்து தலையைத் தின்றார். இந்தப் புத்தகமும் வராவிட்டால் என்னை எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்று பயந்தேன். அந்தப் பயம் உண்மை, சாப்பாடு இறங்கவில்லை.

"சாகப்போறவ இவ்வளவு பேச மாட்டாக்கா" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. ஆனா உனக்கும் தெரியலன்னு தெரியுது." பிறகு சிரித்தாள். "அதுக்காக நான் செத்துக் காட்டவா முடியும்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. யோசிக்காமல் ஒரு வார்த்தை சொல்கிறவள் இல்லை அவள். அப்படித்தான் நான் அதை எடுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் என் அறையின் புத்தக அலமாரியைத் தூசு தட்டித் தரச் சொன்னேன். தூசு அவளுக்கு ஆகாது. அக்கா கேட்டு அவள் எதற்கும் மாட்டேன் என்றதில்லை. இரண்டு போன்களையும் அணைத்து வைத்தேன். எழுதும்போது எப்போதும் அப்படித்தான். நாற்காலியை ஜன்னலோரமாக இழுத்துப் போட்டுக்கொண்டேன், அவள் முகத்தில் வெளிச்சம் விழுவது தெரியும்படி.

மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் முதலில் இடுப்பில் இன்ஹேலரைத் தேடினாள்; அது முன்பே என் இழுப்பறைக்குப் போயிருந்தது. சமையலறை வரை போய் வந்தாள். பிறகு என் மேசையைக் காட்டினாள். நான் எழுந்திருக்கவில்லை. என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள். அப்போது அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும், தேடுவதை நிறுத்திவிட்டாள். மெதுவாக உட்கார்ந்தாள், சுவரோடு சரிந்தாள். தரையில் நகத்தால் தட்டினாள். பழக்கம் எங்கே போகும்? எழுதியதைத் திரும்பப் பார்த்தேன், தவறாக ஒன்றுமில்லை. அவள் விடாமல் தட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு சத்தம் நின்றது. அந்தத் தட்டலை மட்டும் அத்தியாயத்தில் சேர்க்கவில்லை; கதைக்குத் தேவைப்படவில்லை.

அதன் பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். நான் அழுததைப் பார்த்து, ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம் என்றாராம் உங்கள் காவலர். கூடப் பிறந்தவள் போனால் அழாமல் இருப்பேனா? நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவள் எழுத்துக்காக வாழ்ந்தவள் என்பதையும் எழுத வேண்டும்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவளுடைய நாற்காலியைப் பார்த்தபடி கடைசி அத்தியாயத்தைச் சத்தமாகப் படித்தேன். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் நிறுத்தி, காத்திருந்துதான் மேலே போனேன். முழுவதும் படித்து முடித்தேன்.

ஓர் இடத்தில்கூட அவள் தட்டவில்லை.