மெத்தைமேடு

சம்பந்தி, சீர்வரிசையில கட்டில் இருக்கு, பாய் இருக்கு, மெத்தையக் காணமேன்னு முகம் சுளிச்சீக. நான் பொண்ணுக்குத் தாய்மாமன், என் காதுல விழுந்துருச்சு. பந்திக்கு இன்னும் நேரம் கெடக்கு. உக்காருங்க, சொல்லுதேன்.

முன்னொரு காலம், இந்தப் பக்கம் ரயில் வந்த புதுசு. இதே நொச்சியூரணியில சொர்ணமுத்து முதலாளின்னு ஒருத்தர் இருந்தாராம். பருத்தியில கொட்டை வேற பஞ்சு வேறயாப் பிரிக்கிற அரவைக் கொட்டடி வச்சிருந்தாராம். ஊர்ல பாதிச் சனத்துக்கு அங்கதான் பொழப்பு. எங்க பூட்டி ஆவுடைத்தாயும் அவ புருசன் இருளப்பனும் அங்கதான் வேலை பாத்தாக. அப்ப அவளுக்கு இடுப்புல ஒரு பிள்ளை.

பஞ்சு காத்துல பறந்தா எடை கொறையுமுன்னு, கொட்டடி ஜன்னலை எல்லாம் பலகை வச்சு ஆணி அடிச்சிட்டாராம் முதலாளி. உள்ள தூசின்னா தூசி, அப்படித் தூசி. எதிர்ல நிக்கிறவன் மூஞ்சி தெரியாது. மூக்குல தூசி, காதுல தூசி, திங்கிற சோத்துல தூசி. முதலாளி மட்டும் வெளிய வேப்பமரத்தடியில காத்தாட உக்காந்திருப்பாராம். மகராசன்.

அங்க ஒரு சீக்கு இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை லீவு. திங்கக்கிழமை வேலைக்கு வந்தா, பொழுது சாயறதுக்குள்ள நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கினாப்புல இருக்குமாம். வறட்டு இருமல். மூச்சு விட்டா கொய் கொய்னு சத்தம். மேலு லேசாச் சுடும். செவ்வாக்கிழமை கொஞ்சம் தேவலை, புதன்கிழமை இன்னும் தேவலை. சளின்னா மூக்கு ஒழுகணும், ஒழுகாது. காசம்னா ரத்தம் துப்பணும், துப்பாது. என்ன எழவுன்னு தெரியாம, திங்கக்கிழமை இழுப்புன்னு ஒரு பேரு மட்டும் வச்சாகளாம்.

முதலாளி பாத்தாரு. லீவு முடிஞ்சு வந்தாத்தான இழுக்கு? அப்ப லீவுதான் சீக்குன்னுட்டாரு. ஓய்வு எடுத்தா ஒடம்பு கெட்டுப்போகும், இனிமே ஞாயித்துக்கிழமையும் வேலைன்னுட்டாராம். கேட்டுக்கிட்டிருந்த நம்ம சனமும் என்ன செஞ்சுச்சு? ஆமா முதலாளி, சரிதான் முதலாளின்னு தலையாட்டுச்சாம். வெள்ளந்தி சனம்னு சொல்லுவாக. எனக்கு அதை நெனச்சா இன்னைக்கும் வயிறு எரியுது.

லீவு போச்சு. இழுப்பு போகல. வாரத்துல ஒரு நாள் வந்த இழுப்பு தெனமும் வந்துச்சு. இருளப்பனுக்குப் படுத்தா மூச்சு முட்டும், செவத்துல சாஞ்சு உக்காந்தபடியேதான் தூங்குவாராம்.

அப்ப ஆவுடைத்தா பொறந்த ஊர்ல அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்துச்சு. முதலாளி காலைப் பிடிச்சுக் கேட்டு, பத்து நாள் போனாக. போன மனுசன் அங்க கரட்டு மேல ஏறி வெறகு வெட்டிக்கிட்டு வந்தாராம். திரும்பி வந்து கொட்டடிக்குள்ள கால் வச்ச அன்னைக்கே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. முதலாளி சிரிச்சாராம். பாத்தீகளா, பத்து நாள் ஓய்வு எடுத்தான், வந்து விழுந்துட்டான்னாராம்.

ஆவுடைத்தா முன்னால போய் நின்னா.

“ஓய்வுதான் சீக்குன்னா, எங்க ஊர்லயே இழுத்திருக்கணுமே முதலாளி. ஒங்க கொட்டடிக்கு வந்துதான இழுக்கு? தூசிதான் திங்குது. ஜன்னலைத் தெறந்து விடுங்க.”

ஜன்னலைத் தெறந்தா என் பஞ்சை ஒங்கப்பனா பிடிச்சுத் தருவான்னு கேட்டு வெரட்டிட்டாராம்.

அடுத்த அறுப்புக்கு இருளப்பன் இல்ல. பஞ்சுக் குமியில சாஞ்சவரு சாஞ்சவருதான். துட்டி கேக்க வந்த முதலாளி, பொணத்துக்கு முன்னால நின்னு சொன்னாராம், நேத்து ஒரு நாள் வீட்டுல படுத்துட்டான்ல, அதான்னு. ஆவுடைத்தா அழலையாம். அவரு மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தாளாம்.

காத்திருந்தா. கொக்கு காத்திருக்குமே, அப்படி. முதலாளி மாடி கட்டினாரு. மாடியில தனியாப் படுக்க மெத்தை வேணும்னாரு. நான் தைக்கேன்னு போனாளாம் ஆவுடைத்தா. கொட்டடி மூலையில, மிசினுக்கு அடியில, வருசக்கணக்கா மண்டிக் கெடந்த தூசியக் கூட்டி அள்ளினா. மேல நல்ல பஞ்சு, கீழ நல்ல பஞ்சு, நடுவுல தூசி. ஒரு தையல் விடாம தைச்சுக் குடுத்தாளாம்.

மத்தியானம் சாப்பிட்டுட்டு மாடியில படுப்பாரு முதலாளி. பொரண்டா தூசி, எந்திரிச்சா தூசி. கண்ணுக்குத் தெரியாத தூசி. மொதல்ல தொண்டை அரிச்சுச்சாம். பெறகு வறட்டு இருமல். பெறகு கொய் கொய். வைத்தியர் வந்து, நல்லா ஓய்வு எடுங்கன்னாராம். எடுத்தாரு. படுக்கப் படுக்க இழுத்துச்சு. காத்து பட்டா ஆகாதுன்னு மாடி ஜன்னலையும் அடைக்கச் சொன்னாராம். தன் வாயால சொன்னாராம், கேட்டுக்கோங்க. தூத்துக்குடியில மக வீட்டுக்குப் போனாரு, தேறிட்டாரு. திரும்பி வந்து மெத்தையில சாஞ்சாரு, முழி பிதுங்கிருச்சு.

கடைசியில ஆவுடைத்தாயக் கூப்பிட்டு விட்டாராம். கட்டில் கால்மாட்டுல போய் நின்னாளாம். “ஆத்தா, எனக்கு என்ன சீக்குன்னு ஒனக்குத் தெரியுமாமே”ன்னு மூச்சு வாங்கக் கேட்டாரு.

“ஓய்வு எடுத்தீகல்ல முதலாளி. அதான்.”

சொல்லிட்டு, அவருக்கு அடியில இருந்த மெத்தைய உருவித் தரதரன்னு இழுத்துக் கொட்டடிக்கு முன்னால போட்டா. ஊரே கூடிருச்சு. அருவாளால ஒரே கீறு. பொகையா எந்திரிச்சுச்சாம் தூசி. “என் புருசன் நெஞ்சுக்குள்ள இருந்தது இதுதான், எல்லாரும் பாத்துக்கோங்க”ன்னாளாம்.

முதலாளி பின்னாலயே மாடிய விட்டுத் தட்டுத்தடுமாறி எறங்கி வந்து, போலீசைக் கூப்பிடுங்கன்னு கத்தினாராம். அவ சிரிச்சா. “கூப்பிடுங்க. தூசி ஆளைக் கொல்லும்னு ஒங்க வாயால சொல்லுங்க. பெறகு அந்த ஜன்னலுக்கும் பதில் சொல்லுங்க”ன்னாளாம். மனுசன் போலீசுப் பேச்சை அதோட விட்டுட்டாராம். அன்னைக்குச் சாயங்காலமே சனம் கடப்பாரையோட போய் ஆணியெல்லாம் பிடுங்கிருச்சு. ஞாயித்துக்கிழமை லீவும் திரும்பி வந்துச்சு.

முதலாளி சாகல. ஆனா போன மூச்சு முழுசாத் திரும்பல. ஒரு படி ஏறுவாரு, நிப்பாரு. ஆவுடைத்தா தெனமும் தண்ணிக் கொடத்தைத் தூக்கிக்கிட்டு, வேணும்னே அவரு வீட்டு வாசல் வழியா விறுவிறுன்னு போவாளாம். மன்னிச்சாளான்னு கேக்கீகளா? சாகுற வரைக்கும் மன்னிக்கலை.

கீறின அந்த மெத்தையச் சனம் கொண்டுபோய் எரிச்ச எடந்தான் நீங்க காரை நிறுத்திட்டு வந்த மேடு. மெத்தைமேடுன்னு இன்னைக்கும் பேரு. அன்னையிலிருந்து எங்க வகையறாவுல பொண்ணுக்குப் பாய்தான் சீரு, மெத்தை கெடையாது.

இவ்வளவும் கேட்ட பெறகும் மெத்தைதான் வேணும்னா சொல்லுங்க சம்பந்தி, தைச்சுத் தாரோம். எங்க வீட்டுப் பொம்பளைகளுக்கு இன்னும் கை மறக்கல.